திருவனந்தபுரத் தமிழ்ப் படைப்பாளர் வட்டம்: புனைகதை மொழியும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

1. முன்னுரை

ஓர் ஊரில் வாழும் எழுத்தாளர் சிலர் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்தும் விவாதித்தும் வளரும்போது, அமைப்பு விதிகளோ உறுப்பினர் பதிவேடோ இன்றியே ஓர் இலக்கிய வட்டம் உருவாகிவிடுகிறது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் திருவனந்தபுரத்தில் அமைந்த தமிழ்ப் படைப்பாளர் வட்டம் இத்தகையது. நகுலன் (1921-2007), ஆ. மாதவன் (1934-2021), நீல. பத்மநாபன் (பிறப்பு 1938), கவிஞர் ஷண்முக சுப்பையா ஆகியோர் இவ்வட்டத்தினுள் குறிப்பிடத்தக்கவர்கள். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். மாதவன் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்தார். பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றினார்.

திறனாய்வாளர் பலரும் இவர்களைத் தனித்தனியே வைத்து நோக்கியுள்ளனர். நகுலன் சோதனை எழுத்தாளர் எனவும், மாதவன் இயல்புவாதி எனவும், பத்மநாபன் வட்டார நாவலாசிரியர் எனவும் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். இவ்வகைப்பாடு தவறன்று, ஆயினும் இவர்கள் மூவரும் எதிர்கொண்ட பொதுவான மொழிச் சிக்கலை அது மறைத்துவிடுகிறது. வேற்றுமொழி நடுவே வாழும் மாந்தரைத் தமிழில் எவ்வாறு பேசவும் நினைக்கவும் செய்வது என்பதே அச்சிக்கல். மூவரும் அதற்குக் கண்ட மூன்று விடைகளையும், அவை மொழிபெயர்ப்பாளர்க்கு விடுக்கும் வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. மொழிச் சூழல்

பழைய திருவிதாங்கூர் அரசு தமிழும் மலையாளமும் வழங்கிய நிலப்பரப்பு. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) அவர் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில் வெளிவந்ததே. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தலைநகர் கேரளத்தில் நின்றது. இதனால் நகரத்துத் தமிழர், தம் உறவினர் வாழும் நாஞ்சில் நாட்டினின்றும் நிர்வாக எல்லையால் பிரிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மையினராயினர். இவ்வட்டத்தினரின் முதன்மையான ஆக்கங்கள் யாவும் இப்பிரிவினைக்குப் பின் எழுந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

3. 'மலையாளக் கலப்பு' என்னும் பொதுப்பெயர்

இவர்கள் நடையைப் பற்றிப் பேசுவோர் 'மலையாளக் கலப்பு' என்ற ஒரே தொடரால் அதனை விளக்கிவிட முயல்வதுண்டு. மொழியியல் நோக்கில் இத்தொடர் போதாது. இங்குக் குறைந்தது மூன்று நிகழ்வுகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, இருமொழிக்கும் பொதுவான பழஞ்சொற்கள் வட்டார வழக்கில் எஞ்சி நிற்றல். 'சொல்லுதல்' என்னும் பொருளில் வரும் 'பறைதல்' இதற்குத் தக்க சான்று. இது மலையாளத்தில் பெருவழக்கு. நாஞ்சில் பேச்சிலும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழிலும் உண்டு. ஆகவே நாஞ்சில் மாந்தர் ஒருவர் வாயில் இச்சொல் வருமிடத்து, அது கடன் வாங்கப்பட்டது எனத் துணிதல் பொருந்தாது.

இரண்டாவது, மலையாளத்திலிருந்து பெற்ற கடன்சொற்களும் பொருட்கடனும். 'சம்சாரம்' தமிழில் மனைவியையோ குடும்பத்தையோ குறிக்க, மலையாளத்தில் பேச்சைக் குறிக்கும். 'அவகாசம்' தமிழில் கால இடைவெளி, மலையாளத்தில் உரிமை. 'வெள்ளம்' இன்றைய தமிழில் பெருக்கு. மலையாளத்தில் குடிக்கும் நீரும் வெள்ளமே. வடிவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமைந்த இவை வாசகரை எளிதில் வழி தவறச் செய்யும்.

மூன்றாவது, பேசுவோர் ஆளும் இடமும் நோக்கி மொழி மாறிப் பேசுதல். இது சொற்களஞ்சியத்தைச் சார்ந்ததன்று. சமூக உறவைச் சார்ந்தது.

4. மூன்று விடைகள்

நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் செட்டியார் சமூகத்தைக் களமாகக் கொண்டது. உண்ணாமலை ஆச்சியின் பேச்சில் முதல் வகைச் சொற்கள் செறிந்துள்ளன. அப்பேச்சு கதைக்கு மேற்பூச்சான நிறமன்று. சடங்கும் நம்பிக்கையும் உறவுமுறையும் அதன்வழியே வாசகரை அடைகின்றன. ஈராண்டின் பின் வந்த 'பள்ளிகொண்டபுரம்' (1970) முற்றிலும் வேறான சிக்கலை மேற்கொள்கிறது. அதன் நாயகன் அனந்தன் நாயர் மலையாளி. மனைவி கார்த்தியாயினி அவரை விட்டு நீங்கியவள். அவருடைய நினைவோட்டம் இயல்பாக மலையாளத்தில் நிகழ வேண்டியது. நாமோ அதனைத் தமிழில் படிக்கிறோம். மூலநூல் இல்லாத மொழிபெயர்ப்பு என இந்நாவலைக் கூறலாம். நினைவுகளை அடுக்கிச் செல்லும் நீண்ட தொடர்கள் சிற்சில இடங்களில் வாசகரைக் களைப்புறச் செய்கின்றன. எனினும் எழுத்துத் தமிழுக்கு நெருங்கிய ஒரு நடையைத் தேர்ந்ததனால், நாயரைத் தமிழ் வட்டார வழக்கில் பேசவைக்கும் செயற்கைத்தன்மையை ஆசிரியர் தவிர்த்துள்ளார்.

ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' மூன்றாம் வகைக்கு உரியவை. சுமை தூக்குவோர், சில்லறை வணிகர், திருடர், பிச்சைக்காரர் ஆகியோர் நடமாடும் சாலைத் தெருவில் ஒருவர் எம்மொழியில் பேசுகிறார் என்பதே அவர் விற்பவரா வாங்குபவரா, இரப்பவரா அதட்டுபவரா என்பதைக் காட்டிவிடும். மாதவன் பேச்சுகளுக்கு விளக்கம் தருவதில்லை. சூழலே பொருளை உணர்த்துமாறு விட்டுவிடுகிறார். ஆற்று மணல் எடுக்கும் தொழிலாளரைப் பற்றிய 'புனலும் மணலும்' நாவலிலும் தொழிற்களமே மொழியைத் தீர்மானிக்கிறது. பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' எனத் தமிழாக்கியவரும் இவரே. மொழிபெயர்ப்பில் எல்லை கடக்கும் இவர், தம் புனைகதையில் எல்லைமீதே நின்று எழுதுகிறார்.

நகுலனின் விடை எதிர்மறையானது. 'நினைவுப்பாதை', 'நாய்கள்' முதலிய நாவல்களில் நகரம் உண்டு; ஆயின் அதன் தெருப்பேச்சு முதன்மை பெறுவதில்லை. நவீனன் என்னும் பாத்திரத்தின் மனத்தில் தமிழும் ஆங்கில வாசிப்பும் உரையாடுகின்றன. சுற்றிலும் ஒலிக்கும் மொழியினின்றும் ஒதுங்கிய மனத்தின் தனிமையாக இதனைக் கொள்ளலாம். அதே நகுலன்தான் 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பினை வெளியிட்டு இவ்வட்டத்தின் எழுத்துக்குப் பொதுக்களம் அமைத்தார். ஐயப்பப் பணிக்கரின் புகழ்பெற்ற மலையாளக் கவிதைக்கும் (1960) அதுவே பெயர். பணிக்கரின் கவிதைகளைத் தமிழாக்கியமைக்காகப் பத்மநாபன் பின்னர் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார்.

5. மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்வன

'தலைமுறைகள்' க. நா. சுப்ரமண்யத்தால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுள்ளது. பொதுவாக இத்தகைய நாவல் ஆங்கிலத்திற்குச் செல்லும்போது மேற்கூறிய மூவகையும் ஒரே தளத்திற்கு வந்துவிடும். கதை எஞ்சும், யார் எம்மொழியை எவரிடம் பேசினர் என்னும் செய்தி மறையும். அதனை மீட்க விரும்புவோர் உரையாடலைக் கொச்சை ஆங்கிலமாக்குவதைவிட, மொழி மாறும் இடத்தைக் கதைகூற்றில் ஒரு சொல்லால் சுட்டுவது நன்று.

மலையாளத்திற்குப் பெயர்ப்பது எளிது எனக் கருதுவது இயல்பு. உண்மையில் இதுவே கடினமானது. தமிழ் வாசகருக்கு அயன்மையைக் காட்டிய சொல், மலையாளத்தில் தன் வீட்டிற்குத் திரும்பி அன்றாடச் சொல்லாகிவிடுகிறது. வேறுபாட்டைக் காக்க வேண்டின், இப்போது தமிழ்க்கூறுகளே அயன்மை காட்டுமாறு பேச்சை அமைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாதவிடத்து, சாலைத் தெருவின் தமிழர் மலையாளிகளாகவே தோன்றுவர்.

பதிப்பாளர்க்கும் இதில் பொறுப்புண்டு. 'பறைதல்' போன்ற சொல்லைப் பிழையெனக் கருதிப் 'பேசுதல்' எனத் திருத்துவது, நடையைச் செம்மை செய்வதாகத் தோன்றினும், ஒரு கிளைமொழிச் சான்றினை அழிப்பதாகும். நூலிறுதியில் சொற்பொருள் பட்டியல் தருவது நன்று. அப்பட்டியலில் பொதுச்சொல் எது, கடன்சொல் எது எனப் பிரித்துக் காட்டுவது அதனினும் நன்று.

6. முடிவுரை

சாகித்திய அகாதெமி 2007இல் பத்மநாபனின் 'இலையுதிர் கால'த்திற்கும், 2015இல் மாதவனின் கட்டுரை நூலாகிய 'இலக்கியச் சுவடுக'ளுக்கும் விருதளித்தது. இருவர்க்கும் இது தகுதியான சிறப்பே. ஆயினும் மொழிநிலையில் இவர்களின் தனித்தன்மையைத் தாங்கி நிற்பவை 'தலைமுறைக'ளும் கடைத்தெருக் கதைகளுமே. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி பெறும் தலைமுறையிடம் இந்நகரத்துத் தமிழ் வீட்டுப் பேச்சாகச் சுருங்கும் நிலையில், இந்நூல்கள் இலக்கியமாகவும் மொழிச் சான்றாகவும் ஒருங்கே மதிப்புறுகின்றன. இப்படைப்புகளுக்குச் சொல்லடைவு தொகுப்பதும், முதற்பதிப்பையும் பின்னைப் பதிப்புகளையும் ஒப்பிட்டுத் திருத்தங்களைக் கண்டறிவதும் மொழியியலார் உடன் மேற்கொள்ளத்தக்க பணிகள். அவை நிறைவேறிய பின்னரே மொழிபெயர்ப்பாளர் தாம் எதனைப் பெயர்க்கிறோம் என்பதைத் தெளிவாக அறிந்து தொடங்க இயலும்.