கையை எங்கே வைப்பது? - திறந்தவெளிக் கர்ப்பகாலப் புகைப்படங்கள் குறித்து

கர்ப்பமான பெண்ணைப் புல்வெளியிலோ கடற்கரையிலோ தேயிலைச் சரிவிலோ நிற்க வைத்துப் படமெடுப்பது இன்று ஒரு தொழில். அதற்கென்று கவுன் வாடகைக்குக் கிடைக்கிறது. ‘போஸ்’ பட்டியல்கள் சுற்றுக்கு வருகின்றன. பணக்கார வீட்டுப் பைத்தியக்காரத்தனம் என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடுவது எளிது. ஆனால், ஓர் உடல் எப்படி நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று விதிக்கும் எந்தக் குறிப்பும் அதிகாரத்தின் பிரதிதான். எனவே இந்தப் பட்டியலையும் ஒரு பிரதியாக வாசித்தாக வேண்டும்.

பட்டியல் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஏழாம் மாதம் முடிந்து எட்டு நடக்கும்போது எடுப்பது நல்லது. வயிறு நன்றாகத் தெரியும், நிற்கவும் முடியும். சூரியன் இறங்கும் நேரம், வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து. நேராக நிற்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, பாரத்தைப் பின்காலில் போட்டு, முன்முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை அடியில். முகத்தைத் தாழ்த்தி வயிற்றைப் பார்க்க வேண்டும். உதவியாள் துணியின் நுனியைக் காற்றில் வீசிவிட்டு விலகி ஓடுவார். அப்புறம் கணவன். பின்னாலிருந்து அணைத்து, விரல்களால் வயிற்றின் மேல் இதய வடிவம் காட்டுவான், அல்லது முழங்காலிட்டு முத்தமிடுவான். மல்லாந்து படுக்க வைக்காதே என்றும் ஒரு குறிப்பு உண்டு. அது சரியான குறிப்பு. கடைசி மாதங்களில் மல்லாந்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்ற வைக்கும். அவள் உடம்புக்கு என்ன ஆகும் என்று இந்தப் பட்டியல் யோசிக்கிற அபூர்வமான இடம் இது. மற்றதெல்லாம் உடம்பு எப்படித் தெரியும் என்பது பற்றியது.

இதில் மையமானது கை. ஏன் எப்போதும் வயிற்றின் மேல் கை? தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் காரணம் ஒளிவுமறைவற்றது. கை இல்லாவிட்டால் கர்ப்பமா, வெறும் தொப்பையா என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடுமாம். ஆக, அந்தக் கை ஓர் அன்பின் சைகை மட்டுமல்ல, ஒரு விளக்கக் கடிதம். ‘இது கொழுப்பல்ல, குழந்தை, பெருத்ததை மன்னியுங்கள்’ என்று பெருத்த பெண்ணுடலைச் சகிக்காத பார்வைக்கு முன்கூட்டியே தரப்படும் சமாதானம். கை காட்டுகிறது, தாழ்ந்த முகம் அதே திசையைக் காட்டுகிறது, நம் கண்ணும் அங்கேயே போகிறது. விளைவாக, படத்தின் எழுவாயாகப் பெண் இல்லாமல் வயிறு கட்டமைக்கப்படுகிறது. அவள் அதைத் தாங்கும் பீடம். பீடம் திரும்பி நம்மைப் பார்ப்பதில்லை.

இந்தக் கைக்கு வயது அதிகம். இத்தாலியின் மொன்தெர்க்கி என்ற சிற்றூரில் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரைந்த கர்ப்பிணி மரியாளின் சுவரோவியம் இருக்கிறது. இரண்டு தேவதூதர்கள் கூடாரத் திரையை விலக்கிப் பிடிக்க, நடுவில் மரியாள். அதுவும் ஒரு காட்சிப்படுத்தல்தான். ஆனால் கைகளைப் பாருங்கள். ஒரு கை வயிற்றின் மேல், அங்கியின் பிளவில். இன்னொரு கை இடுப்பில். நிறைமாதக்காரி நின்று களைத்தால் கை தானாகப் போகுமே, அந்த இடத்தில். தேவமாதாவுக்கு இடுப்புவலியை அனுமதித்த ஓவியன் அவன்.

1590களில் இங்கிலாந்தில் மார்கஸ் கீராட்ஸ் போன்றவர்கள் உயர்குடிக் கர்ப்பிணிகளின் உருவப்படங்களை வரைந்தார்கள். வயிறு துருத்தி, அதன் மேல் கை. அன்றைக்குப் பிரசவம் என்பது சாவோடு பேரம். படம் வாரிசின் வருகையை அறிவித்தது. அவள் பிழைக்காமல் போனால் அதுவே அவளுடைய கடைசிச் சாயல். எலிசபெத் ஜோஸ்லின் என்பவர் பிறக்கப்போகும் குழந்தைக்கு அறிவுரையாக ஒரு சிறுநூலை எழுதிவைத்துவிட்டு, 1622இல் பிரசவித்துச் சில நாட்களில் இறந்துபோனார். 1624இல் நூல் அச்சானது. அந்தப் படங்களில் உள்ள கைக்குப் பின்னால் பயம் இருந்தது. இன்றைய கையில் பயத்துக்கு இடமில்லை. பயம் விற்காது.

இன்றைய வடிவத்துக்கு நேரடி மூலம் 1991. ‘வேனிட்டி ஃபேர்’ ஆகஸ்டு இதழின் அட்டையில், ஏழு மாதக் கர்ப்பிணியான நடிகை டெமி மூரை நிர்வாணமாக ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் வந்தது. ஒரு கை மார்பை மறைக்க, மறு கை வயிற்றைத் தாங்குகிறது. சில கடைகள் அந்த இதழை ஆபாசப் பத்திரிகை மாதிரிக் காகிதத்தில் சுற்றி விற்றன. கர்ப்பம் ஒளித்துவைக்கப்பட வேண்டியதல்ல என்று அந்தப் படம் சொன்னது, மறுக்க முடியாது. கூடவே, கர்ப்பிணியும் பளபளப்பாக, இறுக்கமாக, விற்பனைக்குரியவளாக இருக்க முடியும், இருந்தாக வேண்டும் என்றும் சொன்னது. முதல் வாக்கியம் விடுதலை, இரண்டாவது புதிய விதி. சந்தை இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்றது.

வேறு மாதிரிப் பார்க்கவே முடியாதா? 1978இல் அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் வரைந்த ‘மார்கரெட் எவன்ஸ் கர்ப்பமாக’ என்ற ஓவியத்தைச் சொல்லலாம். நிர்வாணமான பெண் ஒரு சிறிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கைகள் வயிற்றைத் தொடவில்லை, உட்காரும் பலகையைப் பற்றியிருக்கின்றன. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. வயிறு மிகப் பெரிதுதான், ஆனால் அது அவளுடைய வயிறு. இங்கே கை நமக்கு எதையும் சுட்டிக்காட்டவில்லை. விழாமல் இருக்க அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே கர்ப்பிணிக்கு ‘வெளி’ என்பதே தடை. உச்சிவெயிலில் போகாதே, விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டாதே, கிரகணத்தில் எட்டிப் பார்க்காதே, கண் பட்டுடும். அவளுக்கு அனுமதிக்கப்பட்ட படம் வளைகாப்புப் படம். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், பூத்தைத்த சடையைக் காட்ட ஸ்டுடியோக்காரர் பின்னால் வைத்த கண்ணாடி. அந்தப் படத்தில் வயிறு பட்டுச் சேலைக்குள் ஒளிந்திருக்கும். விதவையான தாய் அந்தச் சடங்கில் மகளின் கைக்கு வளையல் போட முடியாமல் ஒதுங்கி நிற்பாள். இந்தப் பின்னணியில், வயிற்றைக் காட்டிக்கொண்டு கடற்கரையில் நிற்பது ஒரு மீறல்தான். ஒன்பது மாதமும் மாமியார், மருத்துவர், அக்கம்பக்கம் எல்லோரும் உடம்பைப் பற்றி உத்தரவு போட்ட பிறகு, ஒரு மணி நேரம் தன்னை அழகு என்று சொல்லக் கேட்பதில் உள்ள சந்தோஷத்தைக் கேலிசெய்ய நமக்கு உரிமையில்லை. நம் கேள்வி வேறு. அந்த ஒரு மணி நேரத்திலும் அவளுக்குக் கிடைப்பது இன்னொரு உத்தரவுப் பட்டியல்தானா?

இன்னொன்று. ‘வெளி’ யாருக்குப் புதிது? நாற்று நடுகிறவள், செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள், கொழுந்து கிள்ளுகிறவள் கர்ப்பகாலத்திலும் வெளியில்தான் இருக்கிறாள். அவளை வெளியில் வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் கூலி போச்சு. அவள் குனிந்து நிற்கும் அதே தேயிலைச் சரிவு இந்தப் படங்களில் ஆளற்ற பசுமையாக மாறுகிறது. கொழுந்துக் கூடையோடு ஒருத்தி சட்டகத்துக்குள் வந்துவிட்டால் காத்திருந்து திரும்ப எடுக்கிறார்கள். ‘இயற்கை’ என்று இங்கே சொல்லப்படுவது உழைப்பை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் நிலம்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நாள்கூலிக்கு நாற்று நட்டவளின் வயல்வரை அது வந்து சேரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். சாயங்கால வெயில் எல்லார் முகத்திலும் பொன்பூசும். வெளுத்த கண்ணிமை அதில் தெரியாது.

படமே எடுக்க வேண்டாம் என்பதா? இல்லை. புகைப்படக்காரர்களும் நம் தோழர்களாக இருக்க முடியும். செய்யக்கூடியது மிக எளிது. ‘வயித்துல கை வையுங்க’ என்பதற்குப் பதில் ‘எங்க வலிக்குது?’ என்று கேட்கலாம். உட்கார விடலாம். மூச்சு வாங்குவதை, செருப்பைக் கழற்றிய வீங்கிய காலை, கேமராவை நேராகப் பார்க்கும் முகத்தை எடுக்கலாம். வேலை செய்கிறவளை, அவள் சம்மதத்தோடு, வேலை செய்யும் இடத்தில் எடுத்து, அந்தப் படத்தை அவளுக்கே கொடுக்கலாம். கொழுந்துக் கூடைக்காரி சட்டகத்துக்குள் வந்தால் வரட்டுமே.

அப்போது அநேகமாகக் கை போகிற இடம் இடுப்பாகத்தான் இருக்கும். நம் ஊரில் பெண் இடுப்பில் கை வைத்து நின்றால் அதற்குப் பெயர் திமிர். ‘இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா பாரு’ என்பது வசை. பட்டியலில் அந்த போஸ் அதிகம் தென்படாததற்கு அழகியல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வலிக்கிற இடத்தில் கை வைத்து, நம்மை நேராகப் பார்த்து நிற்கிற நிறைமாதக்காரியைத் தாய்மையின் படமாக ஏற்க நம் வீடுகள் தயாரா, நம் பத்திரிகை அட்டைகள் தயாரா என்பதுதான் கேள்வி.