ஏறுவோர் சங்கமும் அடிவாரத்து மக்களும்

கம்பளையைச் சுற்றியுள்ள மலைகளில் கயிறும் இடுப்புப் பட்டியும் கொண்டு பாறை ஏறுவோர் இன்றும் சிறு தொகையினரே. ஆனால் மலைக்குப் போகும் கூட்டம் பெருகிவிட்டது. வார இறுதி வந்தால் ஹந்தானைக்கும் அலகல்லவுக்கும் பத்தலேகலவுக்கும் இளைஞர்கள் திரள்கிறார்கள். 2016 இல் ஜயந்தி குரு உதும்பாலவும் 2018 இல் ஜொஹான் பீரிஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற பின், மலையேற்றம் நமக்கு எட்டாதது என்ற எண்ணமும் கலைந்துவிட்டது. ஆள் கூடினால் தடையும் கூடவே வரும். ஒருவர் விழுந்தாலோ, குப்பை சேர்ந்தாலோ, கோயிலடியில் கூச்சல் போட்டாலோ மறுநாள் கேற்றில் பூட்டுத் தொங்கும். அந்தப் பூட்டு விழாமல் இருக்கப் பாறையேறுவோர் பல நாடுகளில் கண்ட வழி, ஊருக்கு ஊர் சங்கம் அமைத்து ஏறும் இடங்களைத் திறந்தபடி காப்பது. நல்ல வழிதான். ஆனால் அது பிறந்த மண்ணின் நிலவுரிமை வேறு, நம் மலையகத்தின் நிலவுரிமை வேறு. இங்கே அந்த வழக்கம் வேர்விடும் முன்பே அதன் பலத்தையும் பிழையையும் எடைபோட்டாக வேண்டும்.

முதலில் பலம். தனித்தனியாக வரும் நூறு பேரிடம் எந்த அதிகாரியும் பேசமாட்டார். பதில் சொல்லப் பொறுப்பான ஒரு அமைப்பு இருந்தால் பேசுவார். பிரித்தானியாவில் 1944 இல் தொடங்கிய மலையேறுவோர் பேரவையும், அமெரிக்காவில் 1991 இல் உருவான ‘அக்சஸ் ஃபண்ட்’ அமைப்பும் வளர்ந்தது இந்த உண்மையின் மேல்தான். கென்டக்கி மாநிலத்தின் ரெட் ரிவர் கோர்ஜ் பகுதி ஏறுவோர் 2004 இல் பணம் திரட்டி 700 ஏக்கருக்கு மேல் பாறை நிலத்தைத் தாமே வாங்கிவிட்டார்கள். வனப் பாதுகாப்புப் பகுதிகளில் பாறையில் பொருத்திய போல்ட்டுகள் சட்டப்படி செல்லுமா என்ற நீண்ட இழுபறிக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் கையொப்பமான சட்டம் ஏறுவோருக்குச் சாதகமான விடை தந்தது. அதற்கும் பின்னால் நின்றது ஒழுங்குபட்ட ஒரு குரலே.

அந்த போல்ட்டைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் சங்கத்தின் தேவை இன்னும் விளங்கும். பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் விட்டத்தில் பாறையில் ஒரு துளை. அதற்குள் இறுக்கிய உருக்குத் தண்டு. அதன் தலையில் கயிற்றைக் கொளுவ ஒரு தகடு. விழுபவரின் உயிர் அதில்தான் தொங்குகிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் ஈரம் காயாத சரிவுகள் நம்முடையவை. மலிவான இரும்பைப் பொருத்தினால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே துளைக்குள் துரு தின்றுகொண்டிருக்கும். யார் பொருத்தினார், எந்த ஆண்டு, எந்த உலோகம், யார் சோதிப்பார் என்ற கணக்கு எவரிடமும் இல்லாத போல்ட் ஒரு பொறி. அந்தக் கணக்கை வைத்திருப்பதே சங்கத்தின் முதல் கடமை. தனியாள் வெளிநாடு போய்விடுவார். குறிப்பேடு சங்கத்தில் தங்கும்.

இரண்டாவது பலம், தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றல். பிரித்தானியாவில் பைரி வல்லூறு கூடு கட்டும் பருவத்தில் குறிப்பிட்ட பாறைகளை விட்டு விலகி நிற்பதை ஏறுவோரே ஏற்றுக்கொண்டு கடைப்பிடிக்கிறார்கள். நம் மலைமுகடுகளிலும் அதே இனத்தின் ஷாஹீன் வல்லூறு கூடு கட்டுகிறது. வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் பாறை அங்குள்ள பழங்குடியினருக்குப் புனிதமானது. 1995 முதல் ஜூன் மாதத்தில் அதில் ஏறாதிருக்குமாறு ஏறுவோரிடம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் பெரும்பாலானோர் மதித்தார்கள். ஆண்டுகள் செல்ல மதிப்போர் குறைந்தார்கள். தன்விருப்பக் கட்டுப்பாட்டின் உயர்வும் பலவீனமும் இந்த ஒரே பாறையில் தெரிகின்றன. புதிதாக வருகிறவருக்கு அதைச் சலிக்காமல் சொல்லிக்கொடுக்க ஒரு அமைப்பு இருக்கும் வரைதான் அது நிற்கும்.

இனிப் பிழைகள். இந்த இயக்கத்தின் அடியில் ஒரு அனுமானம் கிடக்கிறது: பாறைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரிடம் பேசினால் போதும் என்பது. கம்பளையில் அந்த அனுமானம் முதல் அடியிலேயே சறுக்குகிறது. இங்கே பல பாறைகளின் அடிவாரம் தேயிலைத் தோட்டம். தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகின. 1992 இல் பெரும்பகுதியின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு, மேலே உள்ள காடு வேறொரு திணைக்களத்துக்கு. லயத்தில் குடியிருப்பவரின் பெயர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. இலங்கையின் முதல் பெருங் கோப்பித் தோட்டங்களில் ஒன்றை ஜோர்ஜ் பேர்ட் 1820களில் தொடங்கிய சிங்ஹப்பிட்டிய இந்தக் கம்பளையில்தான் இருக்கிறது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அத்தனை காலம் பாறையடியில் வாழ்ந்தும், தாம் படுத்துறங்கும் காணிக்கு உறுதி இல்லாதவர்கள் இன்னும் ஏராளம். இவர்கள் வாசலைத் தாண்டிப் போகும் ஒரு சங்கம், ஞாயிற்றுக்கிழமை ஏறுவதற்கான தன் உரிமையை மட்டும் பேசினால் அந்தப் பேச்சில் நியாயம் குறைந்துவிடுகிறது.

நடைமுறையிலும் இது இடிக்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடிதம் கையில் இருக்கும். கேற்றுக் காவல்காரர் விடுவார். ஆனால் பாறையில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டையோ, பாறையடி மரத்துக் குளவிக்கூட்டையோ ஏறுபவரின் கயிறு உரசினால் என்ன நடக்கும்? அவர் தலைக்கவசமாவது போட்டிருப்பார். கீழே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும்தான். சரிவில் ஓடவும் முடியாது. குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலையில் என்ற செய்தி மலையகப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது, உயிர்களும் போயிருக்கின்றன. எந்தக் கூடு எங்கே இருக்கிறது, இன்று எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்பது துரையின் கடிதத்தில் இராது. தோட்டத் தலைவருக்குத் தெரியும், பறிக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளாமல் பெற்ற அனுமதி பாதி அனுமதிதான்.

இரண்டாவது பிழை, பாறையின் புனிதத்தை மறப்பது. தோட்டத்துப் பாறையடியில் மஞ்சள் குங்குமம் பூசிய ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தாலே அது முனியாண்டியின் இடம். பதிவேட்டில் இராது, ஆனால் செருப்போடு யாரும் கடப்பதில்லை. மறுபுறம் கம்பளை இராசதானி விட்டுச் சென்றவை. 1344 இல் எழுந்த கடலாதெனிய விகாரை பாறையின் மேலேயே நிற்கிறது. லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. இந்த மண்ணில் பாறை ஓர் ஆவணமும் கூட. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தின் மேல் விழும் ஒரு துளை, விளையாட்டின் பெயரையே கெடுத்துவிடும். 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானையில் கிரலாகல தூபியின் மேல் நின்று படமெடுத்ததற்காகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர்கள் கைதானது மறக்கக்கூடியதல்ல. சிறுபான்மை இளைஞர் ஒருவருக்கு ஒரு தவறான அடி எவ்வளவு விலை கேட்கும் என்பதை அது காட்டியது. சங்கம் இருந்தால் எங்கே ஏறக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லித்தரும். அதே சங்கம் கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலத்தில் மட்டும் கூடிக் கலைந்தால், அந்த அறிவு தோட்டத்துப் பையனை எட்டாது.

மூன்றாவது பிழை, காவலன் வாயிலைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை. இடத்தைக் காக்கிறோம் என்று தொடங்கி, இடத்தை மறைத்து, பிறகு கட்டணம் வைத்து, தன் உறுப்பினருக்கு மட்டும் திறப்பது எந்தச் சங்கத்துக்கும் எளிதாக வரும் நோய். அரசு திறந்துவிடும்போதும் வேறொரு ஆபத்து இருக்கிறது. கம்பளையின் அம்புலுவாவ மலையில் முன்னாள் பிரதமர் டி. எம். ஜயரத்னவின் முயற்சியில் உருவான பல்லுயிர்ப் பூங்காவுக்கு இன்று பெரும்பாலோர் போவது, அதன் உச்சியில் சுழன்றேறும் 48 மீற்றர் கோபுரத்தில் நின்று படமெடுக்கத்தான். பூங்காவின் செடிகொடிகள் பின்னால் போய்விட்டன. திறந்திருப்பது மட்டுமே காப்பாற்றப்பட்டதாகிவிடாது.

அண்டை நாட்டிலிருந்து இரு பாடங்கள் எடுக்கலாம். ஹைதராபாத்தில் 1996 இல் தொடங்கிய பாறைகளைக் காக்கும் சங்கத்தில் ஓவியர், புகைப்படக்காரர், நடைபயணம் போகிறவர் எனப் பலரும் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டு முயற்சியினால் நகர வளர்ச்சி விதிகளின் கீழ் சில பாறைத் திரள்கள் மரபுச் சின்னப் பட்டியலில் ஏறின. 2015 இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதன் பின்னும் சங்கம் ஓயவில்லை. சட்டம் போனாலும் நிற்பது மக்கள் கூட்டு என்பது முதல் பாடம். பெங்களூருக்கு அருகே ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 இல் பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயமானது. ஏறுவோர் விலக வேண்டியதாயிற்று. அழிவின் விளிம்பில் உள்ள பறவைக்கு முன்னால் நம் பொழுதுபோக்கு தோற்பதே முறை. எந்த இடத்தை விட்டுக்கொடுப்பது என்று அறியாத சங்கத்துக்கு எதையும் கேட்கும் தகுதி வராது என்பது இரண்டாவது பாடம்.

அனுமதியைப் பற்றி இவ்வளவு பேசினாலும் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு. மலையகத்தில் பாறைக்குப் பெரிய ஆபத்துப் பூட்டிய கேற்றிலிருந்து வருவதில்லை. வெடிவைத்துக் கல்லுடைப்பதிலிருந்து வருகிறது. வெடித்த பாறையில் எவரும் ஏற முடியாது. அதன் அதிர்வில் லயத்துச் சுவரும் விரிசல் காணும், மேட்டு மண்ணும் தளரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்துச் சரிவுகளைப் பெயர்த்தபோது, மலை குலைந்தால் முதலில் புதைபவர் யார் என்பதை நாடு கண்டது. ஏறுபவரின் நலனும் அடிவாரத்தவரின் நலனும் இங்கேதான் ஒன்றாகின்றன. கயிறு கட்டத் தெரிந்த கைகள் மண்சரிவு நாளில் மீட்புக்கும் உதவும்.

ஆகவே என் தீர்ப்பு: சங்கம் வேண்டும், ஆனால் அதன் நிர்வாகக் குழுவில் பாதி இடம் பாறையடியில் வாழ்பவர்களுக்கு வேண்டும். கூட்டங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கட்டும். துளையிடுமுன் தொல்பொருள் திணைக்களத்தின் சம்மதத்தோடு கோயில் பூசாரியின் சம்மதமும் கேட்கப்படட்டும். கொழுந்து எடுக்கும் நாளில் அந்த மலைக்கு மேலே எவரும் ஏறக்கூடாது என்பது எழுதப்பட்ட விதியாகட்டும். வழிகாட்டும் வேலையும் அதன் கூலியும் தோட்டத்து இளைஞருக்குப் போகட்டும். அவர்களின் பிள்ளைகள் கட்டணமின்றி ஏறப் பழகட்டும். கல்லுடைக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் உடபலாத்த பிரதேச செயலகத்துக்கு வரும் நாளில், ஏறுபவரும் பறிப்பவரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டு நிற்க வேண்டும். அதைச் செய்யும் சங்கத்துக்குப் பாறை திறந்திருக்கும். திறந்து வைப்பவர்கள் அடிவாரத்து மக்களாகவே இருப்பார்கள்.