சுவரில் சிரித்த முகங்கள்

பகைவனுக்கு முகம் உண்டென்பதை மறக்கச் செய்வதே பகைமையின் முதல் வேலை. அவனுக்கு ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயருக்கு ஒரு குற்றத்தையும் சூட்டிவிட்டால், பிறகு அவனை நேருக்கு நேர் நோக்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. இந்த மறதியை எதிர்த்து எழுந்த ஒரு புகைப்படப் பணியின் நிறையையும் குறையையும் எடைபோட்டுப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

ஜே.ஆர். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே தம்மை அறிவித்துக்கொள்ளும் பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர், மார்க்கோ என்னும் நண்பருடன் சேர்ந்து 2007ஆம் ஆண்டு பலஸ்தீனத்திலும் இஸ்ரேலிலும் நிகழ்த்திய பணி அது. 'முகத்துக்கு முகம்' என்பது அதன் பெயரின் பொருள். ஒரே தொழில் செய்யும் ஒரு பலஸ்தீனரையும் ஓர் இஸ்ரேலியரையும் தேர்ந்தெடுத்து, ஓட்டுநருக்கு ஓட்டுநர், ஆசிரியருக்கு ஆசிரியர், சமையற்காரருக்குச் சமையற்காரர் என இணை சேர்த்தார்கள். மிக அருகில் நின்று அவர்களைப் படம் பிடித்தார்கள். அப்படங்களைப் பேருருவாகக் காகிதத்தில் அச்சிட்டு, இரு தரப்பு நகரங்களிலும், இடையே எழுந்து நின்ற சுவரின் இரு புறங்களிலும் பசை தடவி ஒட்டினார்கள். அதற்கு எந்த அரசின் அனுமதியையும் அவர்கள் பெறவில்லை. படத்தில் இருந்தவர்களின் சம்மதம் ஒன்றே அவர்கள் பெற்ற அனுமதி.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு சொல். 2002இல் இஸ்ரேல் அதனை எழுப்பத் தொடங்கியது. திட்டமிட்ட நீளம் சுமார் 700 கிலோமீட்டர். பெரும்பகுதி கம்பி வேலியே எனினும், பெத்லகேம், ஜெரூசலம் போன்ற ஊர்களை ஒட்டிய இடங்களில் ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவராக நிற்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பலஸ்தீன மண்ணில் இதனைக் கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று 2004 ஜூலை 9ஆம் நாள் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைத் தெரிவித்தது. முகங்கள் ஒட்டப்பட்டது இத்தகைய சுவரின் மீது.

அப்படங்களைக் காண்போர் முதலில் வியப்படைவர். பலஸ்தீனர் என்றதும் நம் நினைவில் எழுவது ஒப்பாரி வைக்கும் தாய், அல்லது துணியால் முகம் மறைத்த இளைஞன். இஸ்ரேலியர் என்றதும் எழுவது துப்பாக்கி ஏந்திய சிப்பாய். செய்தித்தாள்கள் நமக்குப் பழக்கிய முகங்கள் இவை. இங்கோ, இரு தரப்பாரும் கண்ணை உருட்டுகிறார்கள், கன்னத்தை உப்புகிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். 28 மில்லிமீட்டர் வில்லையின் நெருக்கம் மூக்கையும் நெற்றியையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. வீரனாகவோ பலியாளாகவோ யாரும் நிற்கவில்லை. குழந்தைக்கு வேடிக்கை காட்டும் மாமனைப் போலவே ஒவ்வொருவரும் தோன்றுகிறார்கள். தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கத் துணிந்தவரை வெறுப்பது எளிதன்று. இக்கலைஞரின் வெற்றி இதில்தான் இருக்கிறது என்போம்.

படம் ஒட்டும்போது தெருவில் கூடியவர்களிடம், "இவர்களில் யார் எவர், சொல்லுங்கள்" என்று கேட்டதாகவும், பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை என்றும் ஜே.ஆர். பின்னாளில் ஓர் உரையில் குறிப்பிட்டார். முகத்தைப் பார்த்தே பகைவனை அறிந்துவிடலாம் என்னும் இறுமாப்பு அங்கே உடைந்தது.

ஓர் இமாமும், ஒரு யூத குருவும், ஒரு கிறிஸ்தவத் துறவியும் அடுத்தடுத்து நின்று முகம் கோணிச் சிரிக்கும் வரிசையும் இதில் உண்டு. உருவப்படம் குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். ஹஜ்ஜுப் பயணத்துக்கான கடவுச்சீட்டுக்கு மட்டுமே படம் எடுத்துக்கொண்ட பெரியவர்கள் நம் இல்லங்களில் இருந்தார்கள். அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். எனினும், பெருமைக்காக மாட்டப்படும் படம் வேறு. அண்டை வீட்டாரின் அச்சத்தைத் தணிக்கத் தன் முகத்தைத் தெருவில் ஒப்படைப்பது வேறு.

இனி, குறையைப் பேசுவோம். 1955இல் நியூயார்க் நவீனக் கலைக் கூடத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் 'மனிதக் குடும்பம்' என்னும் கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளிலிருந்து 503 படங்கள். பிறப்பு, உழைப்பு, அன்பு, சாவு ஆகியவற்றில் மனிதர் யாவரும் ஒன்றே என்பது அதன் செய்தி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் அதனைக் கடுமையாக மறுத்தார். எல்லோரும் பிறக்கிறார்கள், உழைக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் எந்த நிலையில் பிறக்கிறார்கள், யாருக்காக உழைக்கிறார்கள் என்பதை வரலாறு தீர்மானிக்கிறது. ஒற்றுமையைக் காட்டி வரலாற்றை மறைக்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதே வினா 'முகத்துக்கு முகம்' பணிக்கும் பொருந்தும். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். ஆனால் படத்துக்கு வெளியே, இஸ்ரேலிய ஓட்டுநரின் காருக்கு மஞ்சள் நிற எண்பலகை. மேற்குக்கரைப் பலஸ்தீனரின் காருக்கு வெள்ளையும் பச்சையுமான எண்பலகை. முன்னது சுவரைக் கடந்து ஓடும். பின்னதற்கு இஸ்ரேலுக்குள் வழியில்லை. தொழில் ஒன்று, சாலை வேறு. இந்த வேறுபாட்டைப் படம் சொல்லவில்லை. சமமற்ற இருவரைச் சம அளவில் அச்சிட்டுவிட்டால் அவர்கள் சமமாகிவிட மாட்டார்கள்.

ஆயினும் இப்பணியைப் பார்த்தின் மறுப்பு முழுமையாக வீழ்த்திவிடுவதாக நாம் கருதவில்லை. ஸ்டைக்கனின் படங்கள் கலைக் கூடத்தின் உள்ளே தொங்கின. இவையோ அநீதியின் மேனியிலேயே ஒட்டப்பட்டன. சிரிப்பைப் பார்க்கும் கண் சுவரையும் பார்த்தே தீர வேண்டும். படம் சொல்லாததை அது ஒட்டப்பட்ட இடம் சொல்லிவிடுகிறது. அதே படங்களை வழவழப்பான தாளில் நூலாக அச்சிட்டு வேறொரு நாட்டு வரவேற்பறையில் வைத்தால், அந்தக் குரல் பாதியாகிவிடும்.

மழையிலும் வெயிலிலும் காகிதம் நைந்துபோகும். சுவர் நிலைத்து நிற்கிறது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்த தாக்குதலையும், அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரம் உயிர்கள் மாண்டதையும் கண்ட நமக்கு, 2007இன் அந்தச் சிரிப்பு இன்று நெஞ்சைப் பிசைகிறது. அந்தச் சிரிப்பு பொய்யாகிவிட்டதா? இல்லை என்றே சொல்வோம். முகங்கள் அமைதியைக் கொண்டுவருவோம் என்று வாக்களிக்கவில்லை. பகைவன் என்று சொல்லப்பட்டவனின் அருகே தம் முகத்தை வைக்கச் சம்மதித்தார்கள், அவ்வளவே. ஆனால் தோளுக்குத் தோள் நிற்க அந்த எளியவர்கள் சம்மதித்த பின்னும் ஆள்வோர் சம்மதிக்கவில்லை என்பதற்கு அந்தக் காகிதங்கள் சாட்சி.

ஒருவரையொருவர் அறிவது அமைதியின் வாயில். நீதியே அதன் வீடு. அந்த இரண்டு ஓட்டுநர்களும் ஒரே சாலையில் காரோட்டும் நாள் வரும்வரை இப்பணி முற்றுப் பெற்றதாக நாம் கொள்ள மாட்டோம்.