குடிநீரில் மிளகு, ஆய்வகத்தில் நானோ

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியெங்கும் மூலிகைப் பொடிக் கடைகள். வாங்குபவர்கள் சரக்கு அசலா என்று கேட்கிறார்கள். அசல் சரக்கே என்றாலும், விழுங்கியதில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது?

மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதே அரிது. குடல் ஈர்க்கும் சொற்பத்தையும் கல்லீரல் விரைவில் மாற்றிக் கழித்துவிடும். நிலவேம்பின் ஆன்ட்ரோகிராபோலைடும் எளிதில் கரையாது; உள்ளே நுழைந்ததைக் குடல் செல்களே திருப்பித் தள்ளுகின்றன. இவற்றைக் கொழுப்பு உறைக்குள் அடைத்தோ, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்தோ கொடுத்தால் கரைவதும் சேர்வதும் கூடும். நானோ முறையின் இந்தப் பலம் உண்மையானது. அதை விளம்பரம் என்று ஒதுக்க மாட்டேன்.

இந்தச் சிக்கலுக்கு நம் மரபிலும் ஒரு வழி இருந்திருக்கலாம். நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் சுக்கும் மிளகும் உண்டு. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராமை 2 கிராம் குர்குமினோடு கொடுத்தபோது இரத்தத்தில் சேர்வது 2000 விழுக்காடு உயர்ந்தது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த எண்ணை இன்று பல குர்குமின் டப்பாக்களில் காணலாம். ஆனால் குர்குமினைத் தனியே கொடுத்தபோது இரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. இல்லாததற்கு அருகில் இருப்பதை இருபது மடங்கு பெருக்கினாலும் கொஞ்சம்தான். சேர்வது கூடியதாலேயே நோய் தீரும் என்றும் ஆகிவிடாது.

எனக்குப் பெரிய கவலை வேறு. “பல நூறு ஆண்டுகளாக உண்பது, தீங்கில்லை” என்ற வாக்குறுதியை நானோ மருந்துக்கும் ஒட்டுகிறார்கள். அந்த அனுபவம் குழம்பு மஞ்சளுக்கும் கஷாயத்துக்கும் உரியது. அவை பாதுகாப்பாக இருந்ததற்கு, உடலில் குறைவாகச் சேர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மஞ்சள் மருந்துகளால் கல்லீரல் பாதிப்பு வரலாம், உறிஞ்சுதலைக் கூட்டியவற்றில் ஆபத்து அதிகமாகலாம் என்று எச்சரித்தது. உணவில் சேரும் மஞ்சளை அது குறை சொல்லவில்லை.

நானோ மூலிகை ஆய்வுகளில் மிகப் பல செல் தட்டிலும் எலியிலும் நின்றுவிடுகின்றன. மிளகு சேர்ந்த பழைய குடிநீரையும் புதிய நானோ வடிவத்தையும் மனிதர்களிடம் அருகருகே வைத்து, கல்லீரலையும் கண்காணித்துச் சோதிப்பதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. அதை நடத்தத் தகுதியான அரசு சித்த மருத்துவக் கல்லூரி, குற்றாலத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், பாளையங்கோட்டையில் இருக்கிறது.