தேவதைக்கதையும் தொலைக்காட்சி இசைநாடகமும்: ‘சிண்ட்ரெல்லா’வின் மூன்று வடிவங்கள்

வழிநூல் என்பது முதல்நூலைச் சுருக்கியோ விரித்தோ, இரண்டையும் கலந்தோ, வேற்றுமொழியினின்று பெயர்த்தோ அமையும் என்பது தொல்காப்பிய மரபியலின் கொள்கை. ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குக் கதை பெயரும்பொழுதும் இவ்வகைப்பாடு பயன்படுகிறது. ஐரோப்பியத் தேவதைக்கதை ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை இசைநாடகமாக உருப்பெற்றபொழுது சுருக்கமும் விரிவும் ஒரே படைப்பினுள் நிகழ்ந்தன. கதையின் நிகழ்ச்சிகள் சுருங்கின. மாந்தரின் அகம் விரிந்தது. இவ்விரண்டிற்கும் இடையே எழும் முரணை நகைச்சுவை எவ்வாறு தீர்க்கிறது என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

ரிச்சர்டு ரோட்ஜர்சு இசையமைக்க, இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் உரையாடலும் பாடலும் எழுதிய ‘சிண்ட்ரெல்லா’ 1957 மார்ச்சு 31 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரடியாக, வண்ணத்தில் ஒளிபரப்பானது. இவ்விருவரும் தொலைக்காட்சிக்கென்றே எழுதிய படைப்பு இஃது ஒன்றே. தலைமைப் பாத்திரத்தில் தோன்றிய ஜூலி ஆண்ட்ரூசுக்கு அப்பொழுது 21 வயது. பிராட்வே அரங்கில் ‘மை ஃபேர் லேடி’ நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அந்த ஓரிரவில் 10.7 கோடி மக்கள் கண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. அன்றைய அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 17 கோடி என்பதை எண்ணினால் இதன் பரப்பு விளங்கும். அன்று பார்வையாளர் கண்ட வண்ணம் இன்று கிடைப்பதில்லை. எஞ்சியிருப்பது ஒளித்திரையைப் படமெடுத்துப் பாதுகாத்த கறுப்பு வெள்ளைப் பதிவே. ஆய்வாளர் பேசும் 1957ஆம் ஆண்டு வடிவம் இச்சாம்பல் நிறப் படியே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சிண்ட்ரெல்லா கதைக்கு ஒற்றை மூலம் இல்லை. 1893இல் மரியன் கோக்சு 345 வடிவங்களைத் தொகுத்தளித்தார். கதைவகை அடைவில் இது 510A என்னும் எண் பெறுகிறது. பூசணித் தேர், கண்ணாடிக் காலணி, தேவதை ஞானத்தாய் ஆகியன 1697இல் வெளிவந்த ஷார்ல் பெரோவின் பிரெஞ்சு வடிவத்திற்கு உரியவை. கிரிம் உடன்பிறப்புகளின் செருமானிய வடிவத்தில் ஞானத்தாய் இல்லை. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் பறவைகளுமே உதவுகின்றன. அங்கே மாற்றாந்தாயின் மகளிர் காலணிக்காகத் தம் காலையே வெட்டிக்கொள்வர். ஏ.கே. இராமானுஜன் விரிவாக ஆராய்ந்த ‘ஹஞ்சி’ என்னும் கன்னடக் கதையில் காலணியே கிடையாது. பொன்னிறக் கூந்தலை மறைக்கும் மண்முகமூடி உண்டு. இவை அனைத்திற்கும் பொதுவான உயிர்நாடி ஒன்றே: தன்னிலை மறைந்து தாழ்ந்து வாழும் பெண் உரியவனால் அடையாளம் காணப்பெறுதல். ஏனைய உறுப்புகள் மாறலாம். அடையாளம் காணுதல் மாறினால் கதை வேறொன்றாகிவிடும்.

ஹாமர்ஸ்டைன் பெரோவையே பெரிதும் பின்பற்றினார். கிரிம் வடிவத்தின் குருதி தொலைக்காட்சி நுழையும் இல்லங்களுக்கு ஏலாது என்பது வெளிப்படை. 1950இல் வெளிவந்த டிஸ்னி ஓவியத் திரைப்படம் போலப் பேசும் எலிகளையும் அவர் நாடவில்லை. நேரடி ஒளிபரப்பில் எலி குதிரையாவதைக் காட்டுதல் அரிது. ஆகவே உருமாற்றத்தின் பெரும்பகுதியைப் பாடல் ஏற்றுக்கொண்டது. இது நடவாது என்று ஞானத்தாய் தொடங்கும் பாடல், அறிவுடையோர் கூறும் தடைகளை அடுக்கியவாறே ஒரு கட்டத்தில் நடக்கும் என்று திரும்புகிறது. மாயம் நிகழ்வது சொல்லின் திருப்பத்தில். எடி ஆடம்சு இப்பாத்திரத்தை மந்திரக்கிழவியாக அன்றிக் குறும்புடைய இளம்பெண்ணாக நடித்தார். மாயத்தை நம்பச் சொல்பவளே அதனை எள்ளுகிறாள். அதனால் நம்பாதவரும் உடன்வர இடம் கிடைக்கிறது.

நாட்டார் கதை மாந்தருக்கு ஆழமில்லை என்று மாக்சு லூத்தி கூறினார். அவர்கள் தட்டையானவர்கள், வியப்பதில்லை, தம்மைத் தாமே வினவுவதுமில்லை. இசைநாடகத்தின் தேவையோ இதற்கு நேர்மாறானது. 1943இல் ‘ஒக்லஹோமா’ வந்தபின் பாடல் என்பது மாந்தரின் அகத்தைத் திறந்து கதையை நகர்த்தும் கருவி என நிலைபெற்றது. எனவே சாம்பலில் அமர்ந்த பெண்ணுக்கும் ஓர் அகம் வேண்டியதாயிற்று. அடுப்படி மூலையில் தனக்குரிய நாற்காலியில் அமர்ந்து, தான் பல நாட்டுப் பல பெண்களாக இருப்பதாகச் சிண்ட்ரெல்லா கற்பனை செய்யும் பாடல் அவ்வாறு பிறந்தது. அக்கற்பனை வரைபடத்தில் பெரு நாட்டிற்கு அருகே கல்கத்தாவும் இடம்பெறுகிறது. இந்திய ஆய்வாளர் புன்னகையோடு கடந்துசெல்லலாம். ஆயினும் அமெரிக்க அடுப்படியின் கனவில் தொலைவு என்பதன் பெயராகவே நம் நகரம் வருகிறது என்பதும் குறிப்பிடத்தக்கதே. பெரோவின் நாயகி அழுகிறாள். ஹாமர்ஸ்டைனின் நாயகி பொய்க்கதை புனைகிறாள். தேவதை வருவதற்கு முன்பே அவள் ஒருமுறை மாறிப் பழகியவள்.

தொலைக்காட்சி இதைவிடப் பெரிய இடரொன்றையும் கொண்டுவந்தது. அது முகத்தின் ஊடகம். வாய்மொழிக் கதையில் சிண்ட்ரெல்லாவுக்கு முகம் இல்லை. அழகி என்றால் போதும். ஆகவே நல்லாடை உடுத்ததும் வீட்டாருக்கே அவளைத் தெரியவில்லை என்பதைக் கேட்போர் வினவாமல் ஏற்பர். அண்மைக் காட்சியிலோ ஒரே முகம் அடுப்படியிலும் அரண்மனையிலும் திரையை நிறைக்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மாற்றாந்தாய்க்கு அவளை எவ்வாறு தெரியாது போகும்? நடப்பியலின் வழி இதற்கு விடையில்லை. இங்குதான் நகைச்சுவை கட்டமைப்பின் தேவையாகிறது. எள்ளலையும் பேதைமையையும் நகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காட்டும். காய் பாலார்டும் ஆலிசு கோசிலியும் நடித்த சகோதரியர் பேதைமையின் உருவங்கள். அவர்களால் எதையும் காணவியலாது என்பதைப் பார்வையாளர் சிரித்தவாறே ஏற்றுக்கொள்கின்றனர். நகையின்றி இக்கதை அண்மைக் காட்சியில் நிலைத்திருக்க இயலாது எனலாம்.

அரச குடும்பத்தையும் நகை வேறு வகையில் தாழ்த்துகிறது. இளவரசனின் பெயரை அறிவிப்போன் நீட்டி நீட்டிப் பாடுகையில் பட்டம் பெருஞ்சுமையாகிறது. அரசனும் அரசியும் நடுத்தரக் குடும்பத்துக் கணவன் மனைவியாகவே பேசுகின்றனர். அப்பாத்திரங்களில் தோன்றிய ஹோவர்டு லிண்ட்சேயும் டோரதி ஸ்டிக்னியும் வாழ்க்கையிலும் கணவன் மனைவியர். வீட்டுக் கூடத்தில் வந்து அமரும் ஊடகத்திற்கு அரண்மனையும் ஒரு கூடமாதல் வேண்டும் போலும்.

நாடகத்தின் உச்சம் நடன விழா அன்று, விழாவின் மறுநிலையே. ஆக்சல் ஓல்ரிக் சுட்டிய மும்முறை அடுக்கு நாட்டார் கதையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கிரிம் வடிவில் விழா மூன்று நாள். பெரோவில் இரண்டு இரவு. விளம்பர இடைவேளைகள் போக ஒன்றேகால் மணி அளவே எஞ்சிய தொலைக்காட்சியில் ஓரிரவுக்கே இடமிருந்தது. ஆனால் இழந்த அடுக்கை ஹாமர்ஸ்டைன் வேறு வழியில் மீட்டார். விழா முடிந்து வீடு திரும்பிய மாற்றாந்தாயும் மகளிரும் தற்பெருமை பேசுகையில், விழா எவ்வாறு இருந்திருக்கும் என்று தான் ஊகிப்பதுபோலச் சிண்ட்ரெல்லா சொல்லத் தொடங்குகிறாள். சொல்லச் சொல்ல மற்ற மூவரும் அக்கற்பனையினுள் ஈர்க்கப்படுகின்றனர். நால்வரும் சேர்ந்து பாடுகின்றனர். விழா இரண்டாம் முறை சொல்லால் நிகழ்கிறது. கொடுமை செய்தோரும் கொடுமைக்கு ஆளானவளும் ஒரே கனவைக் காண்கின்றனர். அது யாருக்கு நனவாகியிருந்தது என்பதை அறியாதவர் அவர்கள் மட்டுமே. சிரிப்பும் இரக்கமும் பிரிக்கவியலாதவாறு கலந்த இக்காட்சிக்குப் பெரோவிலோ கிரிமிலோ இணையில்லை.

சகோதரியரின் முறையீட்டுப் பாடலும் இவ்வகையினதே. மெல்லியலாள் ஒருத்தியையே ஆடவர் ஏன் விரும்புகின்றனர், தம் போன்றோரை ஏன் நோக்குவதில்லை என்று விழாவின் ஓரத்தில் நின்று அவர்கள் குமுறுகின்றனர். பார்வையாளர் சிரிக்கின்றனர், ஆனால் வினா நியாயமானது. தேவதைக்கதை தோற்றவர்க்கு ஒருபொழுதும் வாய் தந்ததில்லை. இளவரசனின் காதற்பாடலும் இதே வினாவை மறுபுறமிருந்து எழுப்புகிறது: அழகால் காதல் பிறந்ததா, காதலால் அழகு பிறந்ததா? அடையாளம் காணுதல் முகத்தைப் பொறுத்ததன்று என்பதை நாடகம் இங்கே கூறிவிடுகிறது. காலணி வெறும் சான்றாகச் சுருங்குகிறது.

1965 பிப்ரவரி 22 அன்று அதே நிறுவனம் ஒளிபரப்பிய இரண்டாம் வடிவம் பதிவுநாடாவில் எடுக்கப்பட்டது. ஹாமர்ஸ்டைன் 1960இலேயே மறைந்துவிட்டார். ஜோசப் ஷ்ராங்கு உரையாடலைப் புதிதாக எழுதினார். லெஸ்லி ஆன் வாரன் நாயகி. இங்கு இளவரசன் தொடக்கத்திலேயே சிண்ட்ரெல்லாவின் வீட்டு வாயிலில் தண்ணீர் வேண்டி நிற்கிறான், அவள் தருகிறாள். நற்பண்பிற்குப் பரிசு என்னும் பழைய கதைக்கூறு இதனால் வலுப்பெறுகிறது என்பர். உண்மையில் இழப்பே மிகுதி. நீர் தந்தவளை விழாவில் அவன் அறியாதிருக்கும்பொழுது பேதைமை இளவரசனையே பற்றிக்கொள்கிறது. அதனை நகையாக்கவும் இவ்வடிவம் துணியவில்லை. 1957இன் எள்ளல் மங்கி, மரபான தேவதைக்கதைப் பொலிவு மேலோங்கியது. ஆயினும் பத்தாண்டளவும் மறு ஒளிபரப்பாகிப் பலரது நினைவில் நிலைத்தது இதுவே.

1997 நவம்பர் 2 அன்று ஏ.பி.சி. நிறுவனத்தின் வழி வந்த மூன்றாம் வடிவம் வேறு வகையில் துணிவுடையது. பிராண்டி சிண்ட்ரெல்லா, விட்னி ஹூஸ்டன் ஞானத்தாய். கறுப்பின அரசிக்கும் வெள்ளையின அரசனுக்கும் பிறந்த இளவரசனாகப் பிலிப்பைன்சு மரபினரான பாவ்லோ மொண்டல்பான் நடித்தார். நிறத்தைப் பற்றிக் கதைமாந்தர் எவரும் ஒரு சொல்லும் கூறுவதில்லை. முகத்தின் ஊடகம் முகத்தின் நிறத்தைப் பேசாப் பொருளாக்கியது. தேவதைக்கதையின் முகமின்மை இங்கு எதிர்பாராத வழியில் மீண்டுவந்தது. விளக்கம் சொல்லியிருந்தால் அத்துணிவு பாதியாகக் குறைந்திருக்கும்.

நாயகியின் தன்னுரிமைக்கு இவ்வடிவம் தரும் அழுத்தம் யாவரும் அறிந்தது. காலணி வருமுன்பே வீட்டைவிட்டு வெளியேற அவள் முடிவுசெய்கிறாள். இளவரசன் அவளைக் காண்பது வழியில். இது நன்று. ஆனால் ரோட்ஜர்சின் வேறு படைப்புகளிலிருந்து கொணர்ந்த பாடல்களில் தையல் தெரிகிறது. சந்தையில் இருவரும் முன்பே சந்திக்கும் காட்சிக்கு 1962ஆம் ஆண்டின் ‘நோ ஸ்ட்ரிங்சு’ பாடல் பொருந்தினும், 1965இல் நேர்ந்த இடர் மறுபடியும் தலைதூக்குகிறது. பெர்னடெட் பீட்டர்சு நடித்த மாற்றாந்தாய்க்கு லாரன்சு ஹார்ட்டின் கசப்புமிக்க பாடல் கிடைத்தது. அவளுக்கு ஒரு கடந்தகாலமும் கிடைத்தது. ஹாமர்ஸ்டைனின் கனிவுக்கும் ஹார்ட்டின் கசப்புக்கும் உள்ள தொலைவு செவிக்கே புலப்படும். இருப்பினும் அக்கசப்பு நாடகத்திற்கு வேண்டியதாகவே தோன்றுகிறது.

வேண்டியது தந்தபின் நாடகம் அவளுக்குச் செய்வது வேறு. பெரோவின் சிண்ட்ரெல்லா சகோதரியரை மன்னித்து, அரண்மனையில் இடமளித்து, மணமும் முடித்துவைக்கிறாள். 1997இன் இறுதிக் காட்சியில் அரண்மனைக் கதவம் மாற்றாந்தாயையும் மகளிரையும் வெளியே நிறுத்தி அடைபடுகிறது. அவர்கள் கம்பிகளின் வழியே உள்ளே நோக்குகின்றனர். பார்வையாளர் சிரிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நாற்பதாண்டுகளுக்கு முன் நால்வரையும் ஒரு கனவில் அமர்த்திய நகை அன்று இது.