சட்டகமும் மாத்திரையும்: தோட்டத்து வாழ்வைக் காணொளியாக்கும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழ்த் திரைப்படங்கள் குறித்த நம் திறனாய்வுகள் பெரும்பாலும் கதை, பாத்திரப் படைப்பு, உரையாடல் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ரப்பர்த் தோட்ட வாழ்வோடு தொடர்புடைய தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), சஞ்சை குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) ஆகியன பற்றிய பேச்சும் இதற்கு விலக்கன்று. படம் எவ்வாறு பதிவுசெய்யப்படுகின்றது என்னும் வினா தொழில்நுட்பத்தார்க்கு உரியதென ஒதுக்கப்படுகின்றது. ஆயின், நொடிக்கு எத்தனை படச்சட்டகங்கள் என்னும் தேர்வு, பேச்சுமொழியைப் பேணுவதோடும் தொடர்புடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகின்றது.

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அமைந்த சுங்காய் போன்ற ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். இத்தகைய ஊர்ப்புறங்களில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றைச் செம்பனை மூடிவிட்டது. பெரட்டு, மங்கு, லயம், கிராணி, வெட்டுக்காடு முதலிய சொற்களை வாழ்க்கையோடு சேர்த்துப் பேசும் முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களைப் பதிவுசெய்யப் புறப்படும் மாணவர் பலர்க்கும் முதலில் எழும் வினா, ‘திரைப்படம் போலத் தோன்றுவது எவ்வாறு?’ என்பதே. அதற்குக் கிடைக்கும் வழக்கமான விடை, ‘நொடிக்கு 24 சட்டகங்கள்’ என்பதாகும்.

இவ்விடை ஆராயத்தக்கது. ஊமைப் படங்களுக்கு நிலையான வேகம் ஒன்று இருந்ததில்லை. 1920களின் இறுதியில் பேச்சுப் படம் தோன்றியபொழுது, ஒலி பிறழாது ஒலிக்கவேண்டி வேகத்தை நிலைப்படுத்த நேர்ந்தது. 24 என்னும் எண் அவ்வாறே நிலைபெற்றது. நாளடைவில் கண் அதற்குப் பழகிற்று. 2012இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ படத்தின் முதற்பாகம் 48 சட்டகங்களில் காட்டப்பட்டபொழுது, பார்வையாளர் பலர் அதனைத் தொலைக்காட்சி போல இருப்பதாகக் குறைகூறியமை அப்பழக்கத்தின் வலிமையைக் காட்டும். எனவே, 24இன் அழகு பெரிதும் பழக்கத்தால் அமைந்தது. அதன் தோற்றுவாயோ குரல்.

குரலை முன்னிறுத்திப் பார்த்தால், நம் நாட்டுச் சூழலில் 25 பொருத்தமானது எனலாம். மலேசிய மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். நம் தொலைக்காட்சி முறையும் அவ்வடிப்படையிலேயே அமைந்தது. குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். 25 சட்டகங்களும் 1/50 நொடி ஷட்டரும் வைத்தால் ஒவ்வொரு சட்டகத்திற்கும் சரியாக இரண்டு ஒளித்துடிப்புகள் கிட்டும். கைப்பேசிகள் பல இயல்பாகக் கொண்டுள்ள 30 சட்டகங்களில் 1/60 நொடி ஷட்டர் அமைந்தால், அக்கணக்கு பிசகி, லயத்து விளக்கொளியில் பட்டைகள் ஓடும்.

24இல் எடுத்ததை 25இன் வேகத்தில் ஓட்டினால் 100 நிமிடப் படம் 96 நிமிடமாகச் சுருங்கும். குரலும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயரும். மென்பொருளால் சுருதியை மீட்கலாம். ஒலியின் கால அளவு மட்டும் சுருங்கியே நிற்கும். தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கூறினார். குறிலையும் நெடிலையும் காலத்தால் பிரிக்கும் மொழி நம்முடையது. 4 விழுக்காட்டுச் சுருக்கம் நெடிலைக் குறிலாக்கிவிடாது என்பது உண்மையே. எனினும், வட்டார வழக்கின் ஒலிநீட்டத்தை அளந்து ஆராய வரும் மொழியியலாளர்க்கு அப்பதிவு பிழையான சான்றாகிவிடும்.

படத்தொகுப்பிலும் இதே நெறி வேண்டும். கைப்பேசிப் பதிவுகளில் சட்டக வேகம் பெரும்பாலும் சீராக இராது. ஒளியின் அளவுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும். அதனை அப்படியே தொகுத்தால், நீண்ட நேர்காணலில் உதடு ஒன்றும் ஒலி மற்றொன்றுமாக விலகக்கூடும். ஆதலின், மூலக் கோப்புகளை மாற்றமின்றி இரண்டு இடங்களில் சேமித்தல், தொகுப்புக்குரிய படிகளை நிலையான வேகத்திற்கு மாற்றுதல், தொகுப்புக் காலவரையை 25இல் அமைத்தல், ஒலியை 48,000 மாதிரி அளவில் பேணுதல், திரையரங்கிற்கு 24 வேண்டின் இறுதிப் படியை மட்டும் மாற்றுதல் என்பன முறையான வரிசையாகும். இடையில் செய்யப்படும் ஒவ்வொரு வேக மாற்றமும் ஓர் இழப்பே.

இனி, மெதுவியக்கம் பற்றி ஒன்று கூறவேண்டும். 50 சட்டகங்களில் எடுத்ததை 25இல் ஓட்டினால் பால்வெட்டும் கை நடன அசைவு போல மிதக்கும். கண்ணுக்கு இனிமையாகவும் இருக்கும். ஆயின், வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியுமுன் தொடங்கி, ஒரு காலைக்குள் சில நூறு மரங்களை வெட்டி முடிக்க ஓடிய உழைப்பு அது. அவ்வேகமே அவ்வுழைப்பின் கொடுமை; அதுவே அதன் திறமையும் ஆகும். அதனைப் பாதியாக்குவது வரலாற்றை அழகுபடுத்தி மறைப்பதாகவே முடியும். வெட்டின் நுட்பத்தை விளக்கும் ஓரிரு காட்சிகளுக்கு மட்டுமே மெதுவியக்கம் தகும்.

சுருங்கக் கூறின், திரைப்படச் சாயலைத் தருவது எண் மட்டுமன்று. ஒளியமைப்பும் பொறுமையான பார்வையும் அதனைத் தரவல்லன. மாறாக, பிழையாகப் பதிவான முதியவர் ஒருவரின் பேச்சை அவர் மறைந்தபின் மீண்டும் எடுக்க இயலாது. ஆகவே, தமிழ் ஆசிரியர்கள் களப்பணிக்கு மாணவரை அனுப்புமுன், வினாப்பட்டியலோடு கருவியின் அமைவையும் சரிபார்த்து அனுப்புதல் வேண்டும். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தோர் எழுத்துப் பிழைக்கு அஞ்சியது போல, குரலைப் படியெடுக்கும் நாம் காலப் பிழைக்கு அஞ்சுதல் தகும்.