மைதானத்தில் காதை மட்டும் நம்பினால்…

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தொழிற்புரட்சியைக் காட்டும் காட்சி ஒன்று வந்தது. ஏறக்குறைய ஆயிரம் தன்னார்வலர்கள் வாளிகளையும் குப்பைத் தொட்டிகளையும் கவிழ்த்துப் போட்டு முழக்கினார்கள். முன்னின்று வாசித்தவர் ஈவ்லின் கிளெனி. ஸ்காட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞரான இவருக்கு எட்டு வயதில் செவித்திறன் மங்கத் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பகுதி போய்விட்டது. கண்கலங்க வசதியான கதைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 100 மீட்டருக்கு அப்பால் விழுந்த அடி காதை எட்ட 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் இரண்டு அடிகளுக்கு இடையே இருப்பதே அரை நொடி. எதிர்முனையிலிருந்து கேட்டதைப் பின்பற்றி அடித்தால் பாதி அடிக்கு மேல் பிசகும். அதனால்தான் வாசித்தவர்களின் காதில் கருவி பொருத்தித் தாளத்தை ஊட்டினார்கள். அதாவது, நல்ல காது உள்ளவர்களுக்கே அங்கே காது போதவில்லை. 100 மீட்டர் ஓட்டத்திலும் இதே சிக்கல்தான். துப்பாக்கிச் சத்தம் தூரத்து லேனுக்குப் பிந்திப் போகிறது என்று ஒவ்வொரு வீரர் பின்னாலும் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். அதை யாரும் சலுகை என்பதில்லை. காது கேளாதோர் ஓட்டத்தில் விளக்கை எரியவிட்டால் மட்டும் அதற்குச் சலுகை என்று பெயர்!

கிளெனியோ உடலால் கேட்கிறார். அதுவும் நுட்பமான பயிற்சியால் வந்ததே. பள்ளியில் அவருடைய ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் டிம்பனி முரசுகளை ஒலிக்கவிட்டு, அவரைச் சுவரில் கைவைத்து அதிர்வைப் பிரித்தறியப் பழக்கினார். தாழ்ந்த சுரங்கள் காலிலும் பாதத்திலும், உச்ச சுரங்கள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் தெரியவரும் என்கிறார் கிளெனி. மேடையில் பெரும்பாலும் வெறுங்காலோடு அவர் நிற்பது இதனால்தான். அலங்காரம் என்று நினைத்தால் நாம் பாதி நிகழ்ச்சியைத் தவறவிட்டவர்கள்.

லண்டன் ராயல் இசைக் கழகம் முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. வாசிப்பில் குறை கண்டு அல்ல. காது கேளாத கலைஞருக்கு எதிர்காலம் என்ன என்று தெரியாமல். அவர் எதிர்த்துக் கேட்டு, மறுபடி வாசித்துக் காட்டி இடம் பெற்றார். இங்கேதான் வழக்கமான ஆட்சேபம் எழும்: எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் தரம் என்ன ஆவது? நியாயமான கவலைதான். ஆனால் தேர்வு அளக்க வேண்டியது வெளியே வரும் நாதத்தை. அது உள்ளே புகுந்த வழியை அல்ல. கிளெனிக்காக ஒரு மதிப்பெண்ணும் தளர்த்தப்படவில்லை. தேவையில்லாத ஒரு நிபந்தனைதான் விலக்கப்பட்டது. தரத்தைக் குறைப்பதும் அளவுகோலைத் திருத்துவதும் ஒன்றல்ல.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இப்படியொரு மேதை நூற்றாண்டுக்கு ஒருவர். அவரை வைத்து விதி வகுக்கலாமா? ஃபோர்ப்ஸ் போன்ற ஆசிரியர் வாய்க்காத எத்தனையோ பிள்ளைகள் பள்ளி வாத்தியக் குழுவிலிருந்தே கழிக்கப்பட்டிருப்பார்கள். அவர்களை எண்ணாமல் மேதைகள் அரிது என்று எப்படிச் சொல்வது? போகட்டும், ஒருவரால் கிடைத்ததையே பாருங்கள். கிளெனி தொடங்கிய காலத்தில் இசைக்குழுவில் தாளக்காரருக்குப் பின்வரிசைதான். தனியாக வாசிக்கப் படைப்புகளும் குறைவு. இருப்பதற்குள் அடங்காமல், இசையமைப்பாளர்களிடம் கேட்டுப் புதிதாக எழுதி வாங்கத் தொடங்கினார். 1992இல் லண்டன் ஆல்பர்ட் அரங்கில் அவர் முதன்முதலாக வாசித்த ஜேம்ஸ் மெக்மில்லனின் 'வேனி, வேனி, இம்மானுவேல்' அவருக்காக எழுதப்பட்டதுதான். நன்றாகக் காது கேட்கும் தாளக் கலைஞர்கள் அதைப் பல நாட்டு மேடைகளில் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.